காளான் வண்டுக்குப் பெயர் எங்கே?

தாணே நகரின் மேற்கே நிற்கும் யேவூர் மலையில் எத்தனை சிறுத்தைகள் உலவுகின்றன என்று கேளுங்கள். வனத்துறையார் எண்ணிச் சொல்வர். எத்தனை வகைப் பறவைகள் என்று கேளுங்கள். ஞாயிறுதோறும் தொலைநோக்கியும் கையுமாக அலையும் அன்பர்கள் பட்டியலை நீட்டுவர். அதே மலையில், ஆனி ஆடி மழையில் குடை விரிக்கும் காளானின் அடியிலே குடியிருக்கும் ஒரு சிறு வண்டின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் வாய் திறவார். அந்த மௌனத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

வாணிகவியல் பயிலும் நண்பர்களே, பூச்சிக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த நமக்குப் பெயரின் அருமை தெரியாததன்று. கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் ஏறாத குடிசைக்காரனுக்கு மாற்று வீடு கிடையாது. அவன் அங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தான் என்று ஊரே சான்று சொன்னாலும் பட்டியல் பேசாது. காட்டுக்கும் அதே வழக்குத்தான். காட்டைத் தொடும் திட்டம் ஒன்று வரும்போது, அங்கே வாழும் உயிர்களின் பட்டியல் கேட்கப்படுகிறது. பெயருள்ளவை பட்டியலில் ஏறுகின்றன. பெயரில்லாதவை இல்லாதவையாகவே ஆகிவிடுகின்றன.

முதலில் வண்டை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதன் கூட்டத்தை ரோவ் பீட்டில் என்பர். அறிவியலார் வைத்த குடும்பப் பெயர் ஸ்டாபிலினிடே. உலகெங்கும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டுள்ள பெருங்குடும்பம் இது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஒன்றும் நான் கண்டதில்லை. ஆகவே எனக்குள் 'குட்டைச்சட்டை வண்டு' என்று வைத்துக்கொண்டேன். மற்ற வண்டுகளின் முதுகை முழுக்க மூடியிருக்கும் கடினமான மேலுறை, இதற்கு மட்டும் இடுப்பளவில் நின்றுவிடும். வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். சட்டை குட்டையாயினும் சிறகு குட்டையன்று! முழுநீளச் சிறகைச் சுருக்கி மடித்து அந்தக் குட்டைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. இடச் சிறகை ஒரு விதமாகவும் வலச் சிறகை வேறு விதமாகவும் மடிக்கும் அந்த வித்தையை 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விரைவுப் படக்கருவியால் படம் பிடித்துக் காட்டினார்கள். மடக்குக் குடை செய்கிறவர்களுக்குக் கூட அதில் பாடமுண்டு.

இந்தக் குடும்பத்தில் ஒரு கிளை காளானையே வீடாகக் கொண்டது. பேரினத்தின் பெயர் ஜைரோபீனா. 1830-இல் மன்னர்ஹைம் என்பார் இட்ட பெயர். நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். கடுகுக்குக் கால் முளைத்தாற்போல் இருக்கும். காளானில் காணும் குட்டைச்சட்டைகள் எல்லாம் காளானைத் தின்பவை என்று எண்ணிவிடக் கூடாது. பல, காளானில் நெளியும் ஈப்புழுக்களை வேட்டையாட வந்தவை. ஆக்ஸிபோரஸ் என்னும் பேரினத்தார் பெரிய தாடையால் காளானின் சதையையே அரிப்பவர். ஜைரோபீனாவோ, குடையின் அடியில் உள்ள மடிப்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, வித்துத்தூளையும் அதைத் தாங்கும் மெல்லிய படலத்தையும் மேய்கிறது. அதற்கென்றே அதன் வாயுறுப்பின் நுனியில் நெருக்கமான சிறு பற்களால் ஆன தூரிகை ஒன்று அமைந்திருக்கிறது. முட்டையும் அங்கேதான்; புழுவும் அங்கேதான். குடை சில நாளில் அழுகி விழுந்துவிடுமே, அதற்குள் பிள்ளைப் பருவம் முடிந்தாக வேண்டாமா? ஆதலால் புழுக்கள் அவசரமாக வளர்கின்றன. இதன் நெருங்கிய உறவான யூமைக்ரோட்டா என்னும் பேரினத்தில், தாய் வண்டு மரக்காளானில் சிறு அறை குடைந்து முட்டையைக் காத்து நிற்பதை 1980-களில் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஆஷ் விவரித்தார்.

நம் முன்னோர் காளானையும் அறிவர், வண்டையும் அறிவர். ஆம்பி என்பது காளானுக்குப் பழைய பெயர். சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி முளைத்ததைச் சொல்லித்தான் பெருந்தலைச்சாத்தனார் குமணனிடம் தம் வறுமையை உணர்த்தினார். மராத்தியில் காளானை அளம்பி என்கிறார்கள். ஆம்பியும் அளம்பியும் ஒலியால் அருகருகே நிற்பதை நம் மொழித்துறை நண்பர்கள் கவனிக்கட்டும், நான் அதில் தலையிடவில்லை. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, சிதலையும் எறும்பையும் மூன்றறிவில் வைத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவுக்கு உயர்த்தினார். வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று என்பதற்கு இது போதும். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லி மேடையில் கைதட்டல் வாங்குவதோடு நாம் நின்றுவிடுகிறோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்று பேசுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தம் கல்லூரி வாயிலில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியும்?

சென்ற மழைக்காலத்தில் நானும் வகுப்புத் தோழர் இருவரும் இந்த வண்டைத் தேடிப் போனோம். காட்டுக்குள் போகவில்லை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், அனுமதியின்றி ஒரு பூச்சியைக்கூட எடுக்கலாகாது. சட்டம் அப்படி, அது சரியான சட்டமே. காட்டு வேலிக்கு இப்பால், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில், இற்றுப்போன மாங்கட்டையில் வரிசையாகக் காளான் பூத்திருந்தது. வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் குடையைத் தட்டினோம். பழுப்பும் கருப்புமாகச் சில புள்ளிகள் விழுந்தன. விழுந்த புள்ளிகள் வாலைத் தேள்போல் மேலே வளைத்துக்கொண்டு ஓடின. உறிஞ்சுகுழலால் பிடித்து, சாராயம் நிரப்பிய சிறு குப்பியில் இட்டோம். தோட்டத்தைக் காவல் காக்கும் வார்லிப் பெரியவர் எங்களை விந்தையாகப் பார்த்தார். எந்தக் காளான் சமையலுக்கு ஆகும், எது ஆகாது என்று அவர் மராத்தியில் விளக்கியதை நான் பாதிதான் பிடித்தேன். அந்தப் பாதியே எங்கள் பாடநூலில் இல்லாதது.

குப்பியில் அடைத்ததோடு வேலை முடிந்ததா? இனிமேல்தான் தொடக்கம். குட்டைச் சட்டையைக் கண்டு குடும்பத்தை எவரும் சொல்லிவிடலாம். பேரினத்தை அறியப் பாதத்தின் கணுக்களை எண்ண வேண்டும்: முன்காலில் நான்கு, நடுக்காலில் நான்கு, பின்காலில் ஐந்து. பூச்சியே இரண்டு மில்லிமீட்டர் என்றால் அதன் பாதக் கணு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண வேண்டும், விட்டால் பறந்துவிடும். பின்னர் வாயுறுப்பைப் பிரித்து அந்தத் தூரிகையைக் காண வேண்டும். அதுவரை வந்தோம். ஜைரோபீனாதான், ஐயமில்லை.

ஜைரோபீனாவில் எந்த இனம்? இங்கேதான் வழி அடைபட்டது. இவ்வினங்களில் ஆணின் வயிற்று முதுகுப்புறத்தில், எட்டாம் கட்டின் ஓரத்தில், பற்களும் பள்ளங்களும் இருக்கும். இனத்துக்கு இனம் அவை மாறும். அதையும் கடந்து, ஆணின் இனப்பெருக்க உறுப்பையும், பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேமிக்கும் சுருண்ட பையையும் வெளியே எடுத்து, தெளிய வைத்து, கண்ணாடித் தகட்டில் பார்த்தால்தான் உறுதி. கைப்பேசியில் படம் எடுத்து 'இது என்ன?' என்று கேட்கும் நண்பர்கள் இதைக் கருத வேண்டும். கருவி தவறென்று நான் சொல்லவில்லை. மயிலையும் மாங்குயிலையும் அது நொடியில் சொல்லிவிடுகிறது. ஆனால் படத்தில் தெரியாததை எந்தக் கருவி பார்க்கும்? மேலும், அறிந்தவர் பெயரிட்ட மாதிரிகளிலிருந்து கற்றதைத்தான் கருவி திருப்பிச் சொல்கிறது. பெயரே இடப்படாத ஒன்றை அது எங்கிருந்து கற்கும்?

நமக்குக் கிடைக்கும் பெருந்துணை ஒரு பழைய நூல். மால்கம் கேமரான் என்பவர் ஆங்கிலக் கடற்படையில் மருத்துவராக இருந்து, 1920-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளை வகைப்படுத்தியவர். இந்தியா, இலங்கை, பர்மா மூன்றையும் சேர்த்து இக்குடும்ப வண்டுகளை அவர் 1930 முதல் 1939 வரை நான்கு தொகுதிகளில் விவரித்தார். ஜைரோபீனா வருவது 1939-இல் வெளியான நான்காம் தொகுதியில். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். குமாவூன் மலைகளில் வனத்துறை அதிகாரி சாம்பியன் திரட்டிக் கொடுத்த கடுகுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் காலத்தில் அகவுறுப்பை வெட்டிப் பார்த்து வரைந்து காட்டும் வழக்கம் இன்றுபோல் வேரூன்றவில்லை. 'கரும்பழுப்பு, பளபளப்பு, தலை கழுத்தினும் சிறிது குறுகியது' என்பது போன்ற விவரத்தை வைத்து, யேவூர் வண்டு இதுவா அதுவா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஐயம் தீர வேண்டுமானால், அவர் பெயர் சூட்டியபோது கையில் வைத்திருந்த மூல மாதிரியோடு நம் வண்டை ஒப்பிட வேண்டும். அது எங்கே இருக்கிறது? அவருடைய சேகரிப்பு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தாணே வண்டின் பெயரைத் தாணேக்காரன் அறிய இலண்டனைக் கேட்க வேண்டிய நிலை! இதைச் சொன்னவுடன் சிலருக்குக் குருதி கொதிக்கும். மூல மாதிரிகளைத் திருப்பித் தா என்று முழக்கமிடத் தோன்றும். என் கருத்து வேறு. அங்கே அவை எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகப் பூச்சியரிக்காமல் இருக்கின்றன. இங்கே? நான் அறிந்த ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் மரப்பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். நாப்தலீன் உருண்டை வைத்து எத்தனை ஆண்டாயிற்றோ, ஊசி நிற்கிறது, வண்டு இல்லை. வண்டு நிற்கும் இடத்தில் சீட்டு இல்லை. எங்கே, எப்போது, எதன்மேல், யார் பிடித்தார் என்ற சீட்டில்லாத வண்டு, முகவரி கிழிந்த கடிதத்துக்குச் சமம். உயிரைக் கொன்று சேர்த்துவிட்டு அதன் வரலாற்றைத் தொலைப்பதைவிடக் கொடுமை உண்டா? கொல்லாமல் இந்த வண்டை அறிய முடியாது என்பது உண்மை. அதனாலேயே, கொன்றதற்குக் கணக்கு வைக்கும் கடமையும் கூடவே வருகிறது.

ஆகவே நான் வேண்டுவது இலண்டனோடு சண்டையன்று. இங்கே வீடு கட்ட வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், நம் நாட்டில் புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தின் மாதிரியை இங்குள்ள குறிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 1916-இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல நிலையம் புனேயில் இருக்கிறது. 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் கோட்டைப் பகுதியிலேயே இருக்கிறது. இரயிலில் ஒரு மணிப் பயணம். இடம் இல்லையென்று சொல்ல நாக்கு எழாது. இல்லாதது பொறுமையுள்ள கைகள்தாம்.

தமிழருக்கு இது ஆகாத வேலையென்று எவரேனும் சொன்னால், சென்னை இலயோலாக் கல்லூரியைக் காட்டுவேன். அங்கே டி. என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களை ஆராய்ந்தார். அவையும் மில்லிமீட்டர் அளவுதான். அவற்றிலும் காளான் வித்தைத் தின்று வாழும் வகைகள் உண்டு, அவற்றையும் அவர் விடவில்லை. கல்லூரிக் கூடத்தில் தொடங்கிய வேலை அவரை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நாற்காலி வரை கொண்டுசென்றது. இந்திய இலைப்பேன்களைப் பற்றி எழுத வருகிற எவரும் அவர் நூலைத் தொடாமல் நகர முடியாது. குட்டைச்சட்டை வண்டுக்கு அப்படியொருவர் ஏன் நம் மன்றத்திலிருந்து எழக்கூடாது?

'இதனால் என்ன பயன்?' என்று கேட்பவருக்கு இதே குடும்பத்திலிருந்து ஒரு விடை சொல்கிறேன். பேடரஸ் என்று ஒரு குட்டைச்சட்டை. செம்மஞ்சளும் கருமையும் நீலமும் கலந்த அழகன். மழைக்காலத்து இரவில் விளக்கைத் தேடி வருவான். கடிக்கமாட்டான், ஆனால் கழுத்தில் ஊர்கிறவனை அடித்து நசுக்கினால், அவன் உடலில் உள்ள பெடரின் என்ற நஞ்சு பட்டுத் தோல் கோடுகோடாகக் கொப்பளிக்கும். அந்த நஞ்சை உண்டாக்குவது வண்டன்று, வண்டுக்குள் வாழும் நுண்ணுயிரே என்று 2002-இல் தெரியவந்தது. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் ஏறக்குறைய நூறுபேருக்கு இந்தக் கொப்புளம் வந்தபோது, செய்தித்தாள்கள் 'நைரோபி ஈ படையெடுப்பு' என்று எழுதின. நைரோபியும் இல்லை, ஈயும் இல்லை! பேடரஸ் பேரினத்தில் பல இனங்கள் இந்தியாவில் நெடுங்காலமாகவே இருப்பவை. கேமரானின் இரண்டாம் தொகுதியில் 1931-லேயே அவை இடம்பெற்றுவிட்டன. சொந்த ஊர்ப் பூச்சிக்குச் சொந்தப் பெயர் தெரியாததால், ஆப்பிரிக்காவிலிருந்து பகைவன் வந்தான் என்று மக்கள் அஞ்சினர். நசுக்காதே, ஊதித் தள்ளு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவு என்ற மூன்று சொல் போதுமாயிருந்தது.

இதில் மற்றொரு பாடமும் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவன் நஞ்சன் என்பதற்காகக் காளான் வண்டையும் கண்டவுடன் அடிக்கலாமா? ஜைரோபீனா நம் தோலுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஒருவன் செய்ததற்குக் குலத்தையே பழிப்பது எவ்வளவு தவறென்று இந்த நகரத்தில் வேற்றுமொழிக்காரராக வாழ்ந்து பார்த்த நம்மவரிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

காட்டின் கதைக்கு வருகிறேன். ஏறக்குறைய 104 சதுரக் கிலோமீட்டர். மூன்று பக்கமும் நகரம் நெருக்கும் காடு அது. தாணேயையும் போரிவலியையும் இணைக்க அந்த மலைக்கு அடியிலே இரட்டைச் சுரங்கச் சாலை அமைக்க 2024 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். சாலை வேண்டாமென்று வாதாட நான் எழுதவில்லை. கோட்பந்தர் சாலையில் மாலை நேரத்துப் பேருந்தில் நின்று பயணம் செய்தவன் அப்படி எழுதமாட்டான். ஆனால் காட்டைப் பற்றிய எந்த வழக்கிலும், காட்டின் பக்கம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். ஆரேயைப் பாருங்கள். 2010-இல் இரண்டு இளைஞர்கள் அங்கே ஒரு தேளைப் புதிய இனமென்று விவரித்து, லைக்காஸ் ஆரேயென்சிஸ் என்று அந்த இடத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். 2019-இல் மெட்ரோ பணிமனைக்காக அங்கே இரவோடிரவாக மரங்கள் வெட்டப்பட்டபோது, ஊரார் சொல்வதற்கு அந்தத் தேளின் பெயரேனும் இருந்தது. மரம் தப்பவில்லைதான். ஆனாலும் 'அங்கே புதரைத் தவிர ஒன்றுமில்லை' என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியவில்லை.

பெயரிட வேண்டும் என்பதற்காக அவசரப்படுவதும் தீது. ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு, பழைய மூல மாதிரியைப் பாராமலே, 'புதிய இனம்' என்று அறிவித்து நாளிதழில் படம் போட்டுக்கொள்ளும் ஆசை வளர்ந்து வருகிறது. அப்படி இட்ட பெயரைப் பின்னால் வருகிறவன் நீக்க வேண்டும். ஒரு பெயரை இடுவதைவிட அதை நீக்குவது பெரும்பாடு. 'ஜைரோபீனா, இனம் உறுதியாகவில்லை' என்று எழுதி வைப்பதில் வெட்கமில்லை. அது நேர்மையான விடை. அதன்கீழ் இடம், நாள், காளான் வளர்ந்த கட்டை, காளானின் வித்துத்தூள் நிறம் ஆகியவற்றை எழுதி வைத்தால், பத்தாண்டு கழித்து வருகிறவனுக்கு அது பொன். காளானின் வித்தைத் தாளில் பதிய வைப்பதை நான் வற்புறுத்துகிறேன். குடையை வெட்டி ஓர் இரவு தாள்மேல் கவிழ்த்தால் போதும். வண்டைப் பிடிக்கிறவர் காளானைத் தூக்கி எறிகிறார். காளானைப் பார்க்கிறவர் வண்டை உதறிவிடுகிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மன்றத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பட்டிமன்றத்துக்கும் இசை விருந்துக்கும் செலவிடுகிறோம், தொடரட்டும். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் நல்ல உருப்பெருக்கி ஒன்றும், மெல்லிய இடுக்கி நான்கும், மூடி இறுகிய குப்பி ஐம்பதும் வாங்கலாம். கேமரானின் தொகுதிகள் பழைய நூல்களை மின்வடிவில் வைத்திருக்கும் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலத்தீனும் ஆங்கிலமும் தெரிந்தவர் உடனிருந்து படித்துக் காட்டினால், அந்தத் திறவுகோல் பக்கங்களைத் தமிழில் பெயர்த்து வைத்துக்கொள்ளலாம். வரும் ஆனியில், வனத்துறையின் எழுத்து அனுமதி கிடைத்தால் யேவூரில், கிடைக்காவிட்டால் நம் விடுதிப் பின்புறத்துக் குப்பைமேட்டில், முதல் நாள் வேலையைத் தொடங்குவோம். குப்பைமேட்டிலும் காளான் பூக்கிறது; நான் பார்த்து வைத்திருக்கிறேன். எழுபது விழுக்காட்டுச் சாராயத்துக்கு மட்டும் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். அதை வாங்கும் பொறுப்பை, கேட்ட மாத்திரத்தில் எவரையும் சிரிக்க வைக்கும் நம் மன்றச் செயலாளரிடமே விட்டுவிடுகிறேன்.